இறங்கிய எண் ஏன் மறுபடி ஏறியது?

கேள்வி:

என் அண்ணனுக்கு 41 வயது. சர்க்கரைக்கு ஆங்கில மருந்து வேண்டாம் என்று வாரச் சந்தையில் ஒருவரிடம் கறுப்பு உருண்டை வாங்கி, நாளுக்கு இரண்டு வீதம் மூன்று மாதம் சாப்பிட்டார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிக்கிற வலி, வாந்தி, ஐந்தாறு நாள் மலம் போகாமல் அவதி. ஓர் இடத்தில் அல்சர் என்றார்கள், இன்னோர் இடத்தில் குடல்வால் என்றார்கள். ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 7.8தான் இருந்தது. ஒரு நாள் ராத்திரி ஃபிட்ஸ் வந்து, பெரிய ஆஸ்பத்திரி ஐசியுவில் சேர்த்தோம். அங்கேதான் ஈயம் என்று கண்டுபிடித்தார்கள். ரத்தத்தில் 118. மூக்கு வழியாகக் குழாய் விட்டு லிட்டர் கணக்கில் மருந்துத் தண்ணீர் ஊற்றினார்கள். சிறுநீர் வருகிறதா என்று பார்த்துப் பார்த்து ஊசியைத் தாமதமாகத்தான் ஆரம்பித்தார்கள். முதலில் இடுப்பில் ஓர் ஊசி, நான்கு மணி நேரம் கழித்து டிரிப்பில் வேறொன்று. ஐந்து நாளில் 41க்கு இறங்கியது. வீட்டுக்கு வந்து மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் 67! மருந்து வேலை செய்யவில்லையா? டவுனில் ஒரு ‘டீடாக்ஸ்’ மையத்தில் பத்து டிரிப் போட்டால் உடம்பில் உள்ள உலோகம் மொத்தமும் வெளியேறிவிடும் என்கிறார்கள். போகலாமா? எங்கள் வீட்டில் ஈயச் சொம்பில்தான் ரசம் வைப்போம். அதுவும் காரணமாக இருக்குமா? அண்ணியும் ஆரம்பத்தில் அந்த உருண்டையைக் கொஞ்ச நாள் சாப்பிட்டார். இப்போது அவருக்கு நாலாவது மாதம்.

— ஈரோடு மாவட்ட வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அண்ணனைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு, போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் தூக்கத்தைக் கெடுத்தது. அண்ணிக்கு ரத்தத்தில் ஈய அளவு பார்த்தீர்களா? பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. இந்த இதழ் உங்கள் கைக்கு வந்த மறுநாளே பார்த்துவிடுங்கள். ‘அவர் நிறுத்தி நாலு மாதம் ஆகிறதே’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உடம்பு ஈயத்தைக் கால்சியம் என்று நினைத்து எலும்பில் சேர்த்து வைக்கும். கர்ப்ப காலத்தில் குழந்தைக்காகத் தாயின் எலும்பிலிருந்து கால்சியம் இறங்கும்போது ஈயமும் கூடவே இறங்கி, நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும். அவருக்கு வயிற்று வலியோ வேறு தொந்தரவோ இல்லாமல் இருக்கலாம். அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

அளவு 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தாலே (நீங்கள் எழுதியிருக்கும் 118, 41, 67 எல்லாமே ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் இத்தனை மைக்ரோகிராம் என்ற கணக்கு) ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. கர்ப்பிணியின் சாப்பாட்டில் கால்சியம் குறைவாக இருந்தால் மாத்திரையாகக் கொடுக்கவும் சொல்கிறது. கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் வாங்கிய ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற கால்சியம், இரும்பு மாத்திரைகளை அண்ணி டப்பாவில் சேர்த்து வைக்காமல் ஒழுங்காகச் சாப்பிடட்டும். 45ஐத் தாண்டியிருந்தால்தான் ஈயத்தை இழுக்கிற மருந்தைப் பற்றிப் பேச்சு வரும். கர்ப்பத்தில் அது சுலபமான முடிவு இல்லை. மகப்பேறு மருத்துவரும் பொது மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்து எடுக்க வேண்டியது.

வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், டப்பாவிலிருந்து உருண்டையை எடுத்து வாயில் போட்டிருக்க மாட்டார்கள் என்று அடித்துச் சொல்ல முடியாத வயது என்றால், அவர்களுக்கும் பார்த்துவிடுங்கள்.

சரி, அண்ணன் விஷயத்துக்கு வருவோம்.

மருந்து வேலை செய்தது. 118லிருந்து ஐந்து நாளில் 41 என்பது நல்ல இறக்கம். அதுவும் ஃபிட்ஸ் வரைக்கும் போன ஒருவர் எழுந்து நடந்து வீட்டுக்கு வந்திருக்கிறார். ஈயம் மூளையைத் தாக்கிய பிறகு எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. மூன்று வாரத்தில் 67 ஆனதற்குக் காரணம் புரிய வேண்டுமானால், தோட்டத்துக் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் மோட்டார் போட்டு அடிமட்டம் தெரிய இறைத்துவிடுகிறோம். சாயங்காலம் எட்டிப் பார்த்தால் ஓர் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. மோட்டாரில் கோளாறு என்றா சொல்வோம்? ஊற்று இருக்கிறது, ஊறியிருக்கிறது.

ரத்தத்தில் நாம் அளக்கும் ஈயம், உடம்பில் இருக்கும் மொத்த ஈயத்தில் சிறு பங்குதான். வருடக்கணக்கில் ஈயத்தோடு புழங்கியவர்களுக்கு 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில் போய்த் தங்கியிருக்கும். உங்கள் அண்ணனுக்கு மூன்று மாதக் கணக்குதான் என்பதால் அவ்வளவு இருக்காது. ஆனாலும் எலும்பிலும் ஈரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகளிலும் கணிசமாகச் சேர்ந்திருக்கும். ஊசி மருந்து ரத்தத்தையும் அதற்கு எட்டுகிற இடங்களையும் இறைக்கும். இறைத்து முடித்ததும் எலும்பிலிருந்து மெல்ல ஊறி ரத்தத்துக்கு வரும். ரத்தத்தில் உள்ள ஈயம் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மாதம் என்றால், எலும்பில் உள்ளது பாதியாகக் குறைய வருடங்கள் பல. பத்து, இருபது என்று போகும். அதனால்தான் டிஸ்சார்ஜ் அன்றைக்கு எடுத்த எண்ணை நாங்கள் பெரிதாகக் கொண்டாடுவதில்லை. இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து வருகிற எண்தான் நிலவரம் சொல்லும். இதை டிஸ்சார்ஜ் நேரத்தில் உங்களுக்கு யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்று தெரிகிறது. எங்கள் தொழிலில் அடிக்கடி நடக்கிற தவறு இது.

ஆனால் ஒரு கேள்வியை நீங்கள் அண்ணனிடம் தனியாக, கோபப்படாமல் கேட்க வேண்டும். மறுபடி அந்த உருண்டையைத் தொட்டாரா? ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் சர்க்கரை ஏறியிருக்கும். ‘ஒன்றே ஒன்று’ என்று போட்டிருக்கலாம். சந்தேகப்படுகிறேன் என்று நினைக்க வேண்டாம். வார்டில் கட்டிலுக்கு அடியில் இருக்கிற பையில் அதே டப்பாவை வைத்துக்கொண்டு எங்களிடம் ஊசி போட்டுக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். எலும்பிலிருந்து ஊறி வருவதாக இருந்தால் எண் ஓரளவுக்கு ஏறி, நின்று, பிறகு மாதக்கணக்கில் மெல்ல இறங்கும். பழைய 118ஐ நோக்கி அது ஏறிக்கொண்டே போனால் புதிதாக எங்கிருந்தோ உள்ளே போகிறது என்று அர்த்தம்.

இந்த இடத்தில் நைஜீரியாவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2010இல் ஸம்ஃபாரா மாநிலத்தில் தங்கத் தாதுவை வீட்டு முற்றத்திலேயே உடைத்து அரைத்தார்கள். அந்தக் கல்லில் ஈயம் மண்டிக்கிடந்தது. நூற்றுக்கணக்கான குழந்தைகள் இறந்துபோனார்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அங்கே போய் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு மருந்து கொடுத்தது. ஆனால் ஒரு நிபந்தனையோடு: கிராமத்து மண்ணைச் சுரண்டி எடுத்துச் சுத்தம் செய்த பிறகுதான் அந்தக் கிராமத்துக் குழந்தைகளுக்குச் சிகிச்சை. பகேகா என்ற ஊரில் சுத்தம் செய்யும் வேலை 2013 வரை இழுத்தது, அதுவரை அந்த ஊர்க் குழந்தைகள் காத்திருக்க வேண்டியிருந்தது. கேட்கவே கொடுமையாக இருக்கிறதல்லவா? ஆனால் மருந்து கொடுத்து, அதே மண்ணில் விளையாட அனுப்பினால் எண் இறங்கும், ஏறும், இறங்கும், ஏறும். மருந்தும் வீண், குழந்தையும் வீண். உங்கள் வீட்டில் அந்த மண் என்பது ஒரு பிளாஸ்டிக் டப்பா.

அந்த டப்பாவைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மீதி உருண்டை இருந்தால் ஒரு கவரில் போட்டு ஒட்டி, தேதியும் வாங்கிய இடமும் எழுதி, சிகிச்சை அளித்த மருத்துவரிடம் கொடுங்கள். சோதனைக்கு அனுப்பலாம், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் தெரிவிக்கலாம். அதே சந்தையில் அதே ஆளிடம் வாங்கிச் சாப்பிடுகிற இன்னும் எத்தனை பேர் இன்றைக்கு வயிற்று வலி என்று எங்கெங்கே அலைந்துகொண்டிருக்கிறார்களோ.

இதைப் படித்துவிட்டுச் சித்த மருத்துவத்தின் மேல் பாய வேண்டாம். தயாரித்தவர் பெயர் இல்லை, லேபிள் இல்லை, பேட்ச் எண் இல்லை. இந்த உருண்டைக்கு எந்த மருத்துவத்திலும் இடமில்லை. இப்படிப்பட்டவற்றில் ஆங்கிலச் சர்க்கரை மாத்திரையையே பொடித்துக் கலப்பதும் உண்டு. முதல் மாதம் சர்க்கரை ‘கட்டுக்குள் வந்துவிட்டது’ என்று அண்ணன் சொல்லியிருந்தால் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சித்த மருத்துவம்தான் வேண்டும் என்றால் அரசு மருத்துவமனைகளிலேயே அதற்கான பிரிவு இருக்கிறது, படித்த மருத்துவர் இருக்கிறார்.

இரண்டு மருத்துவமனைகளில் ஏன் தவறவிட்டார்கள் என்று உங்கள் கடிதத்தில் ஓர் ஆதங்கம் தெரிகிறது. நானும் தவறவிட்டவன்தான். பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் ஒருவர் வந்தார், பழைய பேட்டரியை உடைத்து உருக்குகிற பட்டறையில் வேலை. வயிற்று வலி. தலையணையைச் சுருட்டி வயிற்றுக்கு அடியில் வைத்து அதன்மேல் குப்புறப் படுத்திருந்தார். குடல்வால் அழற்சி உள்ளவர் வயிற்றில் விரல் வைக்க விடமாட்டார். இவரோ தன் முஷ்டியாலேயே அமுக்கிக்கொண்டிருந்தார், அமுக்கினால் கொஞ்சம் இதமாக இருந்ததாம். வயிறு மெத்தென்று இருந்தது. அந்த வித்தியாசம் எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. வயிற்றைத் திறந்தோம். குடல்வால் ரோஜா நிறத்தில் பளிச்சென்று இருந்தது, ஒரு கோளாறும் இல்லை. மூன்றாம் நாள் லேபிலிருந்து வயதான டெக்னீஷியன் ஒருவர் வந்து, ‘டாக்டர், இந்த ஸ்லைடைக் கொஞ்சம் பார்க்கிறீர்களா?’ என்றார். மைக்ரோஸ்கோப்பில் சிவப்பணுக்களுக்குள் யாரோ நீல மை தெளித்தது போலப் பொடிப் பொடியாகப் புள்ளிகள். அப்புறம்தான் நோயாளியின் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தோம். பல்லை ஒட்டி, மெல்லிய கருநீலக் கோடு. அவர் வந்த நிமிடத்திலிருந்து அது அங்கேதான் இருந்திருக்கிறது.

வலி, மலச்சிக்கல், காரணம் தெரியாத ரத்தசோகை. இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் ‘என்ன வேலை? நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா?’ என்று இரண்டு கேள்வி கேட்டாலே பாதி வழி வந்துவிடும். கேட்பதற்கு அவசர சிகிச்சைப் பிரிவில் நேரமில்லை. கேட்டாலும் ‘அது மருந்தே இல்லை சார், மூலிகை’ என்று நோயாளி சொல்லாமல் விடுவார்.

அந்தப் பெரிய மருத்துவமனையில் செய்தவை உங்களுக்குத் தாமதமாகவும் குழப்பமாகவும் தோன்றியிருக்கின்றன. எனக்கு உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிற வரையில், வரிசை தப்பாமல் செய்திருக்கிறார்கள். மூக்குக் குழாய் வழியாக ஊற்றியது குடலைக் கழுவுகிற கரைசல். வயிற்று எக்ஸ்ரேயில் குடலுக்குள் வெள்ளைத் துணுக்குகள் தெரிந்திருக்கும், ஈயம் எக்ஸ்ரேயை மறைக்கும். அது குடலில் கிடக்கிற வரை உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும். மற்ற விஷங்களுக்குக் கொடுக்கிற கரித்தூள் இங்கே பயன்படாது. உலோகங்கள் கரியில் ஒட்டுவதில்லை.

சிறுநீரைப் பார்த்துக்கொண்டிருந்ததும் வீண் தாமதம் இல்லை. டிரிப்பில் போன கால்சியம் டைசோடியம் இடிடிஏ என்ற மருந்து ஈயத்தைப் பிடித்துக்கொண்டு சிறுநீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வேறு வாசல் கிடையாது. சிறுநீர் வராதவருக்கு அதைக் கொடுத்தால் சிறுநீரகம் பழுதாகும். சிறுநீர் வரவைக்கத் தண்ணீரை அள்ளி ஏற்றவும் முடியாது, ஃபிட்ஸ் வந்த மூளை ஏற்கெனவே வீங்கியிருக்கும். மணிக்கு மணி சிறுநீர்ப் பையைத் தூக்கிப் பார்த்து நர்ஸ் எழுதிக்கொண்டிருந்தது அந்தக் கத்திமுனை நடைக்காகத்தான். அதே காரணத்தால்தான் இந்த மருந்தை ஒரே மூச்சில் ஐந்து நாளுக்கு மேல் கொடுப்பதில்லை. ‘எண் பூஜ்யம் ஆகிற வரைக்கும் போட்டிருக்கலாமே’ என்று தோன்றும். போட்டிருந்தால் இன்றைக்கு நீங்கள் டயாலிசிஸ் பற்றிக் கேள்வி அனுப்பியிருப்பீர்கள்.

இடுப்பில் முதலில் போட்ட ஊசிக்கு ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப்போர் காலத்தில் லூயிசைட் என்ற ஆர்செனிக் விஷவாயுவை எதிரி வீசிவிடுவானோ என்று பயந்து, ஆக்ஸ்ஃபோர்டில் ருடால்ஃப் பீட்டர்ஸ் என்பவரின் குழு கண்டுபிடித்த மாற்று மருந்து அது. பெயர் டைமெர்காப்ரால். பழைய பெயர் ‘பிரிட்டிஷ் ஆன்டி-லூயிசைட்’, அதைச் சுருக்கி வார்டில் ‘பால்’ என்போம். குடிக்கிற பாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கிட்டப் போனால் அழுகிய முட்டை நாற்றம் குமட்டும். நிலக்கடலை எண்ணெயில் கரைத்திருப்பார்கள். அதனால்தான் கடலை ஒவ்வாமை உண்டா என்று கேட்டிருப்பார்கள். ஆழமாகத் தசையில் போட வேண்டும். வலி உயிர் போகும். ஆனாலும் மூளை பாதிக்கப்பட்டவருக்கு இதைத்தான் முதலில் போட்டாக வேண்டும். டிரிப் மருந்து மட்டும் தனியாகப் போனால், கலைந்த ஈயம் மூளைக்குள் இன்னும் கொஞ்சம் போய்ச் சேரும் ஆபத்து உண்டு. இடுப்பில் போடுகிற இந்த ஊசி செல்களுக்குள்ளும் நுழையக் கூடியது. இதைப் போட்டு, நான்கு மணி நேரம் பொறுத்து, அப்புறம் டிரிப். நீங்கள் பார்த்ததும் அதைத்தான்.

நாற்றத்துக்குக் காரணம் கந்தகம். ஈயம், பாதரசம், ஆர்செனிக் எல்லாவற்றுக்கும் கந்தகத்தின் மேல் தீராத ஆசை. உடம்பின் புரதங்களில் கந்தகம் இருக்கிற இடமாகப் பார்த்து ஒட்டி, அவற்றின் வேலையை முடக்கும். இந்த மருந்து ‘இங்கே இரண்டு கந்தகம் இருக்கிறது, வா’ என்று கூப்பிட்டு இழுத்துக்கொள்கிறது. டைமெர்காப்ரால் என்ற பெயருக்குள் இருக்கும் ‘மெர்காப்’ என்பதற்கு மூலம் ‘பாதரசத்தைப் பிடிப்பது’ என்ற லத்தீன் தொடர். பாதரசத்தைக் கட்டக் கந்தகம் வேண்டும் என்பது நம்மூர் ரசவாதிகளுக்கும் தெரிந்த சங்கதிதான்.

அந்த ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது, ரத்தம் 7.8 இருந்தும் ஏன் இரும்புச்சத்து கொடுக்கவில்லை என்று நீங்கள் கேட்டிருக்கலாம். அந்த ஊசியும் இரும்பும் சேர்ந்தால் அதுவே ஒரு விஷம். இப்போது அது முடிந்துவிட்டது. ரத்தத்தில் இரும்பு குறைவு என்று சோதனையில் தெரிந்தால் மாத்திரை சாப்பிடலாம். இரும்பும் கால்சியமும் குறைந்த உடம்பு ஈயத்தை அதிகமாக உறிஞ்சும்.

இப்போது இந்த 67ஐ என்ன செய்வது? அது அண்ணன் எப்படி இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. வலி, தலைவலி, எரிச்சல், கை மணிக்கட்டு தொங்குவது, தூக்கமின்மை இப்படி எதுவும் இருந்தால் இன்னொரு சுற்று மருந்து வேண்டியிருக்கும். பெரியவர்களுக்கு 70ஐத் தாண்டினால் தொந்தரவு இல்லாவிட்டாலும் யோசிப்போம். அதற்குக் கீழே, ஆள் தெம்பாக இருந்து, உருண்டையும் நின்றிருந்தால், பொறுத்திருந்து இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி பார்ப்பதில் தப்பில்லை. அடுத்த சுற்று பெரும்பாலும் ஊசியாக இருக்காது. சக்சிமர் என்ற மாத்திரை இருக்கிறது. முதல் ஐந்து நாள் மூன்று வேளை, அடுத்த பதினான்கு நாள் இரண்டு வேளை. இதுவும் நாறும், சிறுநீரும் நாறும், பயப்பட வேண்டாம். எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது, மருத்துவமனை வழியாகத் தேடித்தான் வாங்க வேண்டியிருக்கும். கிடைக்காவிட்டால் பெனிசிலமின் கொடுப்பதுண்டு. வில்சன் நோய்க்குச் செம்பை வெளியேற்றக் கொடுக்கிற பழைய மருந்து அது. அதைச் சாப்பிடுகிறவருக்கு ரத்த அணுக்களையும் சிறுநீரையும் அடிக்கடி சோதிக்க வேண்டும். இதில் எது, எப்போது என்பதை அண்ணனை நேரில் பார்க்கிற மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவருக்குச் சந்தேகம் வந்தால் டெல்லி எய்ம்ஸில் தேசிய நச்சுத் தகவல் மையம் இருக்கிறது, மருத்துவர்கள் எந்த நேரமும் கூப்பிட்டுக் கேட்கலாம்.

இன்னொன்று. சோதனையை முன்பு எடுத்த அதே லேபில் எடுங்கள். உலோகச் சோதனைக்கென்று தனியான குழாய் உண்டு, அதில்தான் ரத்தம் எடுக்க வேண்டும். சாதாரணக் குழாயில் எடுத்து, வேறு லேபில் கொடுத்து, ‘ஏறிவிட்டது, இறங்கிவிட்டது’ என்று குழம்பியவர்கள் நிறைய.

டீடாக்ஸ் மையத்துக்குப் போக வேண்டாம். கோபத்தோடுதான் எழுதுகிறேன். அங்கே போனால் முதலில் என்ன செய்வார்கள் தெரியுமா? உலோகத்தை இழுக்கிற ஒரு மருந்தைக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு சிறுநீரைப் பிடித்துச் சோதிப்பார்கள். மருந்து கொடுத்தால் யாருக்கும், எனக்கும் உங்களுக்கும், சிறுநீரில் உலோகம் கூடுதலாகத்தான் வரும். அந்த எண்ணை, மருந்து சாப்பிடாதவர்களின் சாதாரண அளவோடு ஒப்பிட்டுச் சிவப்பு மையில் அச்சடித்துக் கொடுப்பார்கள். அமெரிக்க மருத்துவ நச்சியல் கல்லூரி இந்தச் சோதனையே செல்லாது என்று எப்போதோ சொல்லிவிட்டது. அப்புறம் கால்களை உப்புத் தண்ணீரில் வைத்து மின்சாரம் விட்டால் தண்ணீர் பழுப்பாகும், ‘பாருங்கள், விஷம் இறங்குகிறது’ என்பார்கள். அது தண்ணீருக்குள் மின்சாரம் விடுகிற உலோகத் தகட்டின் இரும்புத் துரு. யாரும் கால் வைக்காவிட்டாலும் தண்ணீர் பழுப்பாகும்.

இதெல்லாம் காசோடு போகிற விஷயம். டிரிப் அப்படி இல்லை. இடிடிஏ என்ற பெயரில் இரண்டு மருந்து இருக்கிறது. கால்சியம் டைசோடியம் இடிடிஏ என்பது அண்ணனுக்குக் கொடுத்தது. வெறும் டைசோடியம் இடிடிஏ என்பது வேறு. ஒரு சொல்தான் வித்தியாசம். இரண்டாவது, ஈயத்துக்குப் பதிலாக ரத்தத்தில் உள்ள கால்சியத்தைப் பிடித்துவிடும். கால்சியம் சட்டென்று சரிந்தால் இதயம் நின்றுவிடும். அமெரிக்காவில் 2003க்கும் 2005க்கும் இடையில் இப்படி மூன்று பேர் இறந்தார்கள், அதில் இருவர் குழந்தைகள். மானிட்டர், அவசர மருந்து, ரத்தச் சோதனை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற இடத்தில் கொடுக்க வேண்டிய மருந்தை, ஏசி அறையில் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து ‘பேக்கேஜ்’ என்று கொடுப்பதை என்னால் ஏற்க முடியாது. மேலும் அண்ணனின் சிறுநீரகம் இப்போதுதான் ஒரு சுற்றுப் பட்டு மீண்டிருக்கிறது.

கொத்தமல்லிச் சாறு, பூண்டு பற்றியும் யாராவது சொல்வார்கள். சாப்பிடட்டும், சட்னியாகவே சாப்பிடட்டும். அதற்காகச் சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஈயச் சொம்புக்கு வருகிறேன். நல்ல கேள்வி, தமிழில் ‘ஈயம்’ என்ற சொல் செய்கிற குழப்பம் அது. ரசம் வைக்கிற சொம்பு வெள்ளீயம். உங்கள் அண்ணன் ரத்தத்தில் இருப்பது காரீயம். இரண்டும் வேறு வேறு உலோகம். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும், அதனால்தான் காலிச் சொம்பை அடுப்பில் வைத்தால் பாட்டி அலறுவார். சுத்தமான வெள்ளீயச் சொம்பில் ரசம் வைத்து யாருக்கும் 118 வராது. ஆனால் விலை குறைக்க வெள்ளீயத்தில் காரீயம் கலப்பதுண்டு. புளியும் தக்காளியும் கொதிக்கிற பாத்திரத்தில் அது கரைந்து இறங்கும். உங்கள் சொம்பு எந்த வகை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அண்ணியின் பிரசவம் முடிகிற வரைக்குமாவது பரணில் ஏற்றிவிடுங்கள். எவர்சில்வர் பாத்திரத்தில் ரசம் கொஞ்சம் மணம் குறைவாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

மறந்துவிடக் கூடாத சிலவற்றையும் எழுதிவிடுகிறேன். ஃபிட்ஸ் மாத்திரையை அண்ணன் தானாக நிறுத்தக் கூடாது. மருத்துவர் சரி என்கிற வரை வண்டி ஓட்டக் கூடாது, பக்கத்துத் தெருவுக்குக்கூட. கிணற்றில் இறங்குவது, மரம் ஏறுவதும் அப்படியே. சர்க்கரையை இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள்? ஈயத்தின் பரபரப்பில் எல்லோரும் அதை மறந்திருப்பீர்கள். அவர் உருண்டையைத் தேடிப் போனதே அதற்காகத்தான், அந்தப் பக்கம் திறந்து கிடந்தால் மறுபடி யாரிடமாவது போவார். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும், சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். ஆங்கில மருந்து ஏன் வேண்டாம் என்றார் என்பதையும் ஒரு நாள் சாவகாசமாகக் கேளுங்கள். ‘சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்’ என்று யாரோ சொன்னதாகத்தான் பெரும்பாலும் பதில் வரும். அப்படித்தான் சொன்னார் என்றால், அவரது மருத்துவரிடம் அவர் முன்னாலேயே கிரியேட்டினின் (சிறுநீரகச் சோதனை) முடிவைக் காட்டி, எது கெடுத்தது, எது கெடுக்கவில்லை என்று விளக்கச் சொல்லுங்கள்.

வருகிற வாரத்துக்கு இவ்வளவுதான் வேலை: அண்ணிக்கு ரத்தச் சோதனை, அண்ணனுக்கு மறுசோதனைத் தேதி, கவரில் போட்ட உருண்டை. அண்ணியின் எண் வந்ததும், அது என்னவாக இருந்தாலும், தேதியோடு எனக்கு எழுதுங்கள். அதற்கான பதிலை இதழில் வரும் வரை காக்க வைக்காமல் நேரடியாக அனுப்புகிறேன்.